நடுக்கத்தை நடையாக்கும் வேலை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் மோட்டார் வேலை என்பேன். மோட்டார் என்றதும் முக்கால்வாசிப் பேர் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்வார்கள். பேச்சு கரெண்டு, போர், தண்ணீர் மட்டம் என்று போய்விடும், நானும் தப்பித்துவிடுவேன். விடாமல் நோண்டுகிறவர்களுக்காக, பிசியோதெரபி கருவிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன் என்று இன்னொரு பொய்யும் கைவசம் இருந்தது. இங்கே யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, உண்மையையே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, பெரியவர்கள் படுக்கையறையில் வைத்துக்கொள்ளும் அந்தரங்கக் கருவிகளைச் செய்கிறது. அதில் ஒரு வகை வெறுமனே அதிரும். இன்னொரு வகை மேலும் கீழுமாக நகரும். முதல் வகைக்கென்று பதிவான அதிர்வை வாங்கி, இரண்டாவது வகைக்குப் புரிகிற நகர்வாக மாற்றித் தருவது என் வேலை. முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிரிந்திருக்கிற ஜோடிகள். ஒருத்தி ஓர் ஊரில் உட்கார்ந்து போன் திரையில் விரலை இழுப்பாள். அவள் விரல் போன போக்கு எண்களாகப் பதிவாகும். அந்த எண்கள் கடல் தாண்டிப் போய், அவளுடைய ஆளிடம் இருக்கிற கருவியை நகர்த்த வேண்டும். நடுவில் இருக்கிற தரகர் நான். திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு மாடி வீட்டில், காலைச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து, யார் யாரோ யார் யாருக்கோ ஏங்கியதை வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டிருப்பேன். என் புருஷன் அப்போது தோஹாவில் இருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இங்கே பார்த்த கம்பெனி மூடிக்கொண்டு போனதும் அங்கே போனார். போகும்போது விமான நிலைய வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பார். எனக்குச் சொல்ல வரவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். எங்கள் இரண்டு பேருக்குள் சண்டை என்றால் சத்தம் போடுவது கிடையாது, இந்த "உன் இஷ்டம்"தான். நாலு வருஷம் ஓடிவிட்டது. வருஷத்துக்கு முப்பது நாள் வருவார், போவார். நாலாவது வருஷம், வருகிற சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது என்றார். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம், போடாமல் ஒரேயடியாக ஊருக்கு வந்தும் விடலாம்.

நான் வா என்று சொல்லவில்லை. அவரும் வரட்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு அவர் வரவேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. ஆனால் வேலையில்லாமல் வந்து வீட்டில் உட்கார்ந்தால் அவர் மனம் கெட்டுவிடுமே, நான் கூப்பிட்டு வந்ததாக நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கருவியின் மாதிரி ஒன்று கூரியரில் வந்தது. உடம்பில் படுகிற பாகங்கள் எதுவும் கிடையாது, மோட்டாரும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தண்டும் மட்டும்தான். தண்டின் நுனியில் ஒரு பால்பாயிண்ட் பேனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். பக்கத்தில் காகிதச் சுருளை வைத்து மெல்ல இழுத்தால் தண்டு ஏறி இறங்குவது கோடாக விழும். நான் எழுதின மாற்றம் சரியா தப்பா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். என்னோடு இருந்த மாமியார் வாசலில் நின்று வெகு நேரம் வேடிக்கை பார்த்தார். அவர் பாலசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனுஷி. எதையும் பார்க்காத மாதிரியே பார்ப்பார்.

"இன்னாம்மா இது, தையல் மிஷினா? துணி இல்லாமயே தெச்சிக்கினு கீது."

"காலுக்கு அத்தை. கால் வலிக்கறவங்களுக்கு."

"அப்டியா. எனக்குகூட முட்டி ராவுது. கொஞ்சம் வெச்சிப் பாக்கறேன்."

நான் பதறிப்போய், இது இன்னும் சோதனையில் இருக்கிறது, ஷாக் அடிக்கும், அப்படி இப்படி என்று சமாளித்தேன். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, நான் தண்டை ஓடவிட்டு எண்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, மடியில் முருங்கைக்கீரையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். உருவிக்கொண்டே பேசினார்.

"நானும் ஒரு வாரமா பாக்கறேன். இது காலுக்கும் இல்ல, முட்டிக்கும் இல்ல. எனக்கு நாலு புள்ள பொறந்துது, தெரிமா."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. திரையையே பார்த்தேன்.

"வேலன்னா வேலதான். கதவ சாத்திக்கினு செய். எதிர் வீட்டுக்காரி எட்டி எட்டிப் பாக்கறா."

அன்றிலிருந்து மாமியாரிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் போய்விட்டது. மீட்டிங் நேரத்தில் அவரே கதவைச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

வேலையில் முதல் பெரிய தப்பு நான் செய்ததுதான். அதிர்வு என்பது பூஜ்யத்திலிருந்து இருபது வரை ஓர் எண். அந்த நேரத்தில் எவ்வளவு பலமாக அதிர வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். நகர்வுக்கு அது போதாது. இந்த நேரத்தில் தண்டு இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று இடம் சொல்லியாக வேண்டும். நான் யோசிக்காமல், பூஜ்யம் என்றால் அடி, இருபது என்றால் உச்சி என்று நேருக்கு நேர் மாற்றி அனுப்பிவிட்டேன். பேனா போட்ட கோடு பார்க்க அழகாக மலைமலையாக இருந்தது, அதில் ஏமாந்தேன். சோதனை செய்தவர்கள் எழுதியது சுருக்கமாக இருந்தது: பலமாக அதிர வேண்டிய இடம் வந்ததும் கருவி மேலே போய்க் கல்லாட்டம் நின்றுவிடுகிறது.

நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார். அங்கே வெள்ளிக்கிழமை ஆபீஸ் கட்டடங்கள் மூடிக்கிடக்கும். லிஃப்டைத் திறந்து பார்க்கிற பராமரிப்பு வேலையை அன்றைக்குத்தான் வைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மிஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து என்னோடு பேசுவார். தங்கியிருக்கிற அறையில் மூன்று பேர் கூட இருந்தார்கள், அங்கே மனம் விட்டு எதையும் பேச முடியாது. என் வேலை என்னவென்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். முதலில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாராவாரம் அவரே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கல்லாட்டம் நிற்கிற கதையைச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"நீ வேகத்த மாடின்னு நெனச்சிக்கினுகீற."

"புரியற மாதிரி சொல்லு."

"லிஃப்ட் பன்னெண்டாவது மாடில போய் நின்னா, உள்ள இருக்கறவனுக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. நின்னுக்கினு இருக்கான், அவ்ளோதான். ஏறும்போதும் எறங்கும்போதும்தான் வயித்துல தெரியும். அந்த இருபதுங்கறது மாடி நம்பர் இல்ல மே. எவ்ளோ வேகமா ஏறி எறங்கணும்ங்கறது."

சீ, இது கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அதிர்வு கூடினால் தண்டு மேலே போக வேண்டியதில்லை. போக்குவரத்து வேகமாக வேண்டும், அதிர்வு குறைந்தால் நிதானமாக வேண்டும். எதிலிருந்து எது வரை போய் வருவது என்று நானே தீர்மானிக்க வேண்டும். அவர் மேலும் சொன்னார். திரும்புகிற இடத்தில் வெடுக்கென்று திருப்பாதே, முன்னாடியே மெதுவாக்கு, நல்ல லிஃப்ட் எப்போது கிளம்பியது எப்போது நின்றது என்று உள்ளே இருக்கிற ஆளின் வயிற்றுக்குத் தெரியக்கூடாது. அப்படியே எழுதினேன். கம்பெனியில் பாராட்டினார்கள். பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன், அவருக்கு ஒரு "தேங்க்ஸ்" கூடச் சொல்லவில்லை.

அடுத்த தகராறு பூஜ்யத்தில் வந்தது. அதிர்வு பூஜ்யமானால் தண்டு என்ன செய்ய வேண்டும்? பழைய நிரலில் அடிக்குப் போய்விடும். பயன்படுத்தியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: அவள் ஒரு நிமிஷம் கையை எடுத்தால், அவளே எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கிறது. பெயரில்லாமல் வந்த பதிவுகளை நான் வரி வரியாகப் பார்த்தேன். எவ்வளவு பூஜ்யங்கள். ஒருத்தி நன்றாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று நிறுத்தியிருப்பாள். காதைத் தீட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வருமா என்று பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு மறுபடி, முன்னைவிட மெதுவாக. இன்னொருவன் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுத்திருந்தான். ஊர் பேர் தெரியாத இந்த ஜனங்கள் பேரில் எனக்குப் பாசமே வந்துவிட்டது. பூஜ்யம் வந்தால் தண்டு இருந்த இடத்திலேயே நிற்கட்டும், போய்விடக் கூடாது என்று எழுதினேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவரே கேட்டார். "எல்லாருதையும் மாத்திக் குடுக்கற. என்துன்னு ஒண்ணு மாத்த மாட்டியா?"

அந்தக் கருவியை அந்த நாட்டுக்கு அனுப்ப முடியாது, பிடித்தால் வம்பு. அதனால் அவர் போனில் ஒரு சின்னப் பக்கம் மட்டும் செய்து அனுப்பினேன். கட்டை விரலை வைத்து மேலே தள்ளினால் கூடும், கீழே இழுத்தால் குறையும், எடுத்தால் பூஜ்யம். இரண்டு மணிக்கு மிஷின் ரூமில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் போல எதையோ பதிந்து அனுப்பினார். மாமியார் பக்கத்துத் தெருவில் மாவு அரைக்கப் போயிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். பேனாவைக் கழற்றினேன். காகிதத்தையும் எடுத்துவிட்டேன். தண்டின் நுனிக்கு அடியில் உள்ளங்கையை வைத்து ஓடவிட்டேன்.

முதலில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு லேசாக வந்து பட்டது, உடனே விலகியது. மறுபடி வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கை எனக்குத் தெரியாதா? என்னைத் தொடுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு தயக்கம் இருக்கும் அவருக்கு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும். முதல் தரம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார், நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் திரும்ப வைப்பார். அதே கை. பிறகு நிதானமாக, ஒரே சீராக, அவசரமே இல்லாமல் வந்து வந்து போனது. நடுவில் ஒரு நீள பூஜ்யம். தண்டு என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றது. நான் கையை எடுக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர் வேண்டும். அவர் குரலோ பதிவோ இல்லை, அவர். முதுகில் அவர் மூச்சு படவேண்டும், கால் மேல் அவர் கால் கனக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் என் உடம்பு அவரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்விட்டது. மேஜை மேல் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அவருக்கு என்ன எழுதினேன் தெரியுமா? "வந்தது. நல்லாருக்கு." அவ்வளவுதான். சோதனை செய்தவர்களுக்கு எழுதுகிற பதிலைவிடச் சின்னது. என்னை என்ன சொல்லித் திட்டுவது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் மெசேஜ் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் இரண்டு பேரும் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். எனக்காவது சித்தூரில் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வசனம் படிப்பதற்காகத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் எழுதுவேன் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தமிழில் தன் பெயரைத் தவிர எழுத வராது. அதனால் வாயில் வருவதை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவோம், பாதி தமிழ், பாதி தெலுங்கு, எது எதில் முடிகிறது என்று எங்களுக்கே தெரியாது.

அவர் எழுதியது இரண்டே வார்த்தை. இரண்டாவது வார்த்தை "வந்துடட்டுமா". அதில் குழப்பமில்லை. முதல் வார்த்தை ஓ, ஓ, ஆர், கே, ஈ. நான் அதை "ஊர்கே" என்று படித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிற தெலுங்கு வார்த்தை. சும்மா, காரணம் எதுவும் இல்லாமல் என்று அர்த்தம். ஏன் வந்தாய் என்றால் ஊர்கே வந்தேன் என்போம். ஏன் சிரிக்கிறாய் என்றால் ஊர்கே என்போம். ஆக, சும்மா ஒரு நடை வந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒப்பந்தம் முடிகிற நேரம். வருவதா இருப்பதா என்று ஒரு முடிவு சொல்லாமல், பத்து நாள் லீவு போட்டு விருந்தாளி மாதிரி வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகப் பார்க்கிறார். வந்தால் பத்தாவது நாள் மறுபடியும் அந்த விமான நிலைய வாசல். மறுபடியும் நான் வெறுங்கையோடு பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் ஒரு மாசம் வைத்திருக்க வேண்டும். என்னால் ஆகாது. அப்படி வந்து போவதற்கு வராமலே இருக்கலாம். இதையெல்லாம் எழுதியிருந்தால் தேவலை. நான்தான் மகராசியாச்சே. அவருடைய அந்த முதல் வார்த்தையையே எடுத்துப் போட்டுப் பதில் தட்டினேன்: "ஊர்கே எதுக்கு வரணும்? வேணாம். எனக்கு சரிப்படாது."

கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை விரல் படம் வந்தது. சரி என்று அர்த்தம். நான் சோற்றை வடிக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் சுருக்கமாகப் பேசினார். அம்மா எப்படி இருக்கிறாள், வேலை எப்படிப் போகிறது, அவ்வளவுதான். எனக்கும் கோபம் போகவில்லை, நானும் நீட்டவில்லை. அடுத்த வெள்ளி வேலை அதிகம் என்று பேசவே இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் வந்தது. மாமியார் முதலில் வாங்கிப் பேசினார். பேசிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தபடி போனைக் கொடுத்தார்.

"கையெழுத்து போட்டுட்டேன்," என்றார் அவர்.

"எதுல?"

"மூணு வருஷத்துக்கு."

உட்கார்ந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல இல்ல," என்றேன்.

"கேட்டேனே. நீதான வேணான்ன."

"எப்பக் கேட்ட?"

"மெசேஜ் போட்டேனே அன்னிக்கி. வந்துடட்டுமான்னு."

"ஊர்கே வந்துட்டுப் போகட்டுமான்னு கேட்ட. ஊர்கே எதுக்கு வரணும்னு சொன்னேன். இதுல கையெழுத்து எங்கருந்து வந்துது?"

அந்தப் பக்கம் லிஃப்ட் கயிறு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"ஊர்கே இல்ல மே. ஊர்க்கே. ஊர்க்கே வந்துடட்டுமா. நம்ம ஊருக்கே. ஒரேடியா."

போனைக் காதிலிருந்து எடுத்து அந்த மெசேஜைத் தேடிப் பார்த்தேன். ஓ, ஓ, ஆர், கே, ஈ. தமிழில் படித்தால் ஊருக்கே என்பதை எங்கள் வாயில் எப்படிச் சொல்வோமோ அப்படியேதான் இருந்தது. அதற்குக் கீழே என் பதில். அதே ஐந்து எழுத்து. ஊருக்கே எதற்கு வரவேண்டும், வேண்டாம், எனக்குச் சரிப்படாது. அவர் அதை எப்படிப் படித்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலைக்கு நடுவில் எங்கேயோ தனியாக உட்கார்ந்து, நாலு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை ஒரு வழியாகக் கேட்டுவிட்டு, பொண்டாட்டியிடமிருந்து இதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டுக் கட்டை விரலை அனுப்பியிருக்கிறார். முகம் தெரியாத ஜோடிகள் எங்கே நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள் என்று மில்லிசெகண்டு கணக்கில் பார்க்கத் தெரிந்த எனக்கு, என் புருஷன் எழுதிய ஒரு வார்த்தையைப் படிக்கத் தெரியவில்லை.

"நான் ஊர்கேன்னு படிச்சிட்டேன்," என்றேன். "தெலுங்குல படிச்சிட்டேன். பத்து நாள் வந்துட்டுப் போறன்னு சொல்றியோன்னு நெனச்சேன். மறுபடியும் ஒன்ன அனுப்பி வெக்க என்னால முடியாது. அதான் வேணான்னேன்."

அந்தப் பக்கம் அவர் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அத கிழிச்சிட முடியாதா?"

"ஆபீஸ்ல குடுத்து ஒரு வாரம் ஆயிடிச்சி. விசாவும் மாத்திட்டாங்க. இனி மூணு வருஷம் வுட மாட்டாங்க."

சமையலறையில் மாமியார் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. நின்று கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு வருஷமாகத் தொண்டைக்குக் கீழே இருந்ததை, எந்தப் பாஷையில் எப்படிப் படித்தாலும் வேறு அர்த்தம் வராதபடி சொன்னேன்.

"வா. எனக்கு நீ வேணும். வேல இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. வந்து என் கூட இரு."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை, அதனால் முதலில் ஜலதோஷம் என்றுதான் நினைத்தேன்.

"நான் அன்னிக்கே வான்னு சொல்லியிருந்தா நெஜமாவே வந்திருப்பியா?" என்றேன்.

"பெட்டியக் கட்டி வெச்சிட்டுத்தான் ஒன்ன கேட்டேன்."

"இப்ப அந்தப் பெட்டி?"

"பிரிச்சிட்டேன்," என்றார். "துணியெல்லாம் எடுத்து மறுபடியும் ஆணில மாட்டிட்டேன்."